ஆக்சஸ் கட்

1. நான் என்ன திருடியா?

வங்கியில் பணம் அனுப்பும் பிரிவில் சேர்ந்த முதல் வருடம், ப்ளாக் லீவு என்று சொன்னதும் எனக்கு ரத்தம் கொதித்தது. வருடத்தில் சில நாள் தொடர்ந்து வெளியே இருந்தே ஆக வேண்டும். நாம் தில்லுமுல்லு ஏதாவது செய்து மூடி வைத்திருந்தால், நாம் இல்லாத நேரத்தில் அடுத்தவர் கண்ணில் படட்டும் என்று வைத்த ஏற்பாடு அது.

"நாளைலேர்ந்து ஆபீஸ் பக்கமே வராதம்மா," என்றார் மேலதிகாரி பரமேஸ்வரி அக்கா. "லாகின் கட், இமெயில் கட். நீயா போன் பண்ணாலும் எடுக்க மாட்டோம் லா."

"என்னைய நம்பலையா அக்கா?"

"யாரையுமே நம்புறதில்ல. என்னையும் சேத்துத்தான்."

2. பிந்தானில் நடந்தது

போன வருட ப்ளாக் லீவுக்கு நானும் கணவர் ரவியும் ஃபெரியில் பக்கத்துத் தீவான பிந்தான் போனோம். மகன் என்எஸ் என்கிற கட்டாய ராணுவப் பணிக்குப் போன பிறகு நாங்கள் இருவர் மட்டும் போகும் முதல் பயணம். சாப்பாட்டு மேசையில் எங்களுக்குள் பேச்சே குறைந்துவிட்டிருந்தது. அதைச் சரிசெய்யத்தான் போனோம்.

நான் நாடகம் எழுதுவேன். கல்யாண மேடைகளில் எம்சியாக நிகழ்ச்சி தொகுத்து வழங்குவேன். இரண்டும் நானே ஆசைப்பட்டு இழுத்துக்கொண்டவை. அதற்காக?

ஃபெரி கிளம்பும் முன்பே நாடகக் குழுவின் சேகர் அண்ணன் அழைத்துவிட்டார். லிட்டில் இந்தியாவில் ஒரு கடைக்கு மேல்மாடியில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது.

"லீவுதானேம்மா வசந்தி? ரெண்டாவது சீன் இழுக்குது. கொஞ்சம் மாத்திக் குடேன்."

அடுத்து ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா. "நீங்க லீவுன்னு கேள்விப்பட்டேன். அப்ப ஸ்கிரிப்ட் இன்னைக்கே அனுப்பலாம்ல?"

லீவு என்றால் என் நேரத்தை ஏலம் விட்டிருக்கிறேன் என்று இவர்களிடம் யார் சொன்னது? வங்கியில் இருந்து ஒரு அழைப்புகூட இல்லை. ரவி கடலைப் பார்த்துத் தனியாக உட்கார்ந்திருக்க, நான் அறைக்குள் இரண்டாம் காட்சியை அடித்துத் திருத்திக்கொண்டிருந்தேன்.

சாப்பிடக் கூப்பிட வந்த ரவி நான் எழுதுவதை எட்டிப் பார்த்தார்.

"பேங்க் பரவால்ல வசந்தி. சந்தேகப்பட்டாவது லீவு குடுக்குது. இவங்களுக்கெல்லாம் ஒன் மேல ரொம்ப நம்பிக்கை. அதான் விட மாட்டேங்குறாங்க."

எனக்குச் சுருக்கென்றது. உடனே நாடகக் குழுவின் வாட்ஸ்அப்பில் எழுதினேன்: "இன்று முதல் எனக்கு இங்கேயும் ப்ளாக் லீவு. கையில் இருக்கும் காட்சியை வைத்தே நடத்துங்கள்."

சேகர் அண்ணன் பதில் அனுப்பினார்: "கோபமா ம்மா? நல்லா ரெஸ்ட் எடு. அந்த சீனை மட்டும் வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பிடு."

கைப்பேசியைத் தூக்கி எறியப் போனேன். ரவி அதை வாங்கி, அலமாரியில் இருந்த பெட்டகத்துக்குள் வைத்து, எனக்குத் தெரியாமல் நம்பர் போட்டுப் பூட்டினார்.

"நம்பர் என்னங்க?"

"ஒனக்கு ஆக்சஸ் இல்ல."

அன்று மதியம் சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்திருக்க எங்களுக்கு மனமே வரவில்லை. கடைசி ஆளாக எழுந்தோம்.

நாடகம் மேடையேறியது. இரண்டாம் காட்சி பழையபடியேதான். யாரும் எழுந்து போகவில்லை. சேகர் அண்ணன் மட்டும் இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறார், முறைக்கட்டும்.

பிரிவில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் ப்ளாக் லீவு என்றதும் என்னைப் போலவே முகம் சிவக்கிறார்கள். அவர்களிடம் ஒன்றுதான் சொல்கிறேன்: உங்களைச் சந்தேகப்படுகிற இடம் கதவை அதுவாகவே பூட்டிக்கொள்ளும். உங்களை நம்புகிறவர்கள் இருக்கும் இடத்தை நீங்கள்தான் பூட்ட வேண்டும்.