ஆளில்லாத தீவுக்கு யார் பொறுப்பு

முதன்முதலில் அந்தப் படத்தை நான் பார்த்தது ஒரு மதியச் சாப்பாட்டு வேளையில். திரையில் ஒரு பறவைக்குஞ்சு உட்கார்ந்திருந்தது. அல்பட்ரோஸ் என்னும் பெரிய கடற்பறவையின் குஞ்சு. வாத்தைவிடப் பெரியது, சாம்பல் நிறப் பஞ்சுப்பொதிபோல இருந்தது. அதன் முதுகில் சுண்டெலிகள் ஏறி நின்று தின்றுகொண்டிருந்தன. குஞ்சுக்கு உயிர் இருந்தது. இடைக்கிடை தலையைத் திருப்பித் தன் முதுகைப் பார்க்கும். பிறகு மீண்டும் கடல் பக்கம் பார்த்துக்கொள்ளும். எழுந்து ஓடவில்லை. அதன் இனம் தரையில் எதிரி என்று ஒன்றைக் கண்டதே இல்லை. ஓட வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை.

மேசையைச் சுற்றியிருந்த குழுவினர் முட்டை சான்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் விரலில் வழிந்த மயோனைஸை நக்கிக்கொண்டே திரையைப் பார்த்தார். படம் முடிந்ததும் குழுத் தலைவர் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"மிகத் தெளிவான ஒளிப்பதிவு. இதைவிடக் கொஞ்சம் மகிழ்ச்சியான படம் ஏதாவது இருக்கிறதா?"

படத்தைக் கொண்டுவந்திருந்த பெண், இல்லை என்றாள்.

நான் அந்தக் குழுவின் செயலாளர். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில வருடங்களே ஆகியிருந்தன. பிரிட்டிஷ் கொடி பறக்கும் தூரத்துத் தீவுகளில் அழிந்துகொண்டிருக்கும் உயிர்களைக் காப்பாற்ற அரசு ஒரு சிறிய நிதி வைத்திருந்தது. அதை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வதுதான் குழுவின் வேலை. உயிரியல் படித்துவிட்டு, ஏதோ பெரிய காரியம் செய்யப்போகிறேன் என்ற நினைப்பில் அங்கே போய்ச் சேர்ந்தவள் நான். கோயிலிலோ கலியாண வீட்டிலோ யாராவது என்ன வேலை என்று கேட்டால் விளக்குவது பெரும்பாடு. "பறவைக்கும் ஒரு கந்தோரோ பிள்ளை?" என்று, பறவைக்கெல்லாம் அலுவலகமா என்பதுபோலச் சிரிப்பார்கள். நரியையும் அணிலையும் விட்டால் இங்கிலாந்தில் என்ன இருக்கிறது, இந்த நாட்டின் பெயரில் உள்ள அபூர்வமான உயிர்கள் பெரும்பாலும் அந்தத் தீவுகளில்தான் இருக்கின்றன என்று நான் தொடங்குவேன். அதற்குள் அவர்கள் வடைத் தட்டின் பக்கம் திரும்பிவிடுவார்கள்.

வந்திருந்த பெண் தென் அத்திலாந்திக்கில் ஒரு தீவைச் சேர்ந்தவள். விமான நிலையம் இல்லாத ஊர். லண்டனுக்கு வர முதலில் கப்பல், பிறகுதான் விமானம். அங்கே இயற்கைப் பாதுகாப்புக்கு அவள்தான் அதிகாரி. பறவைகள் இருப்பது அதற்கும் அப்பால், ஆளே குடியில்லாத இன்னொரு தீவில். பழைய காலத்துக் கப்பல்களிலிருந்து இறங்கிய சுண்டெலிகள் அங்கே பெருகி, தின்ன வேறொன்றும் இல்லாத குளிர்காலத்தில் குஞ்சுகளைத் தின்னப் பழகிவிட்டன. பெரிய குரல் அவளுக்கு. வெடித்துச் சிரிப்பாள். கோபம் வந்தாலும் அதே சத்தம்தான். எங்கள் வீட்டில் அவளுக்குத் தீவுக்காரி என்றே பெயர் வந்துவிட்டது.

எங்கள் குழுவின் நிதி அவள் கேட்ட வேலைக்குப் போதாது. வேறு துறைகளும் சேர்ந்து கொடுக்க வேண்டும். அந்த வாரம் நானே அவளைக் கூட்டிக்கொண்டு அலைந்தேன். முதலாவது துறையில், தீவுகள் எங்கள் பொறுப்பு, ஆனால் பறவைகள் இல்லை என்றார்கள். இரண்டாவதில், பறவைகள் எங்கள் பொறுப்புத்தான், ஆனால் இந்த நாட்டுப் பறவைகள் என்றார்கள். மூன்றாவது இடத்தில் ஓர் இளம் பெண் மிகவும் அன்பாகப் பேசினாள்.

"நாங்கள் ஏழை மக்களுக்கு உதவுகிறவர்கள். அந்தத் தீவில் மக்களே இல்லையே" என்றாள். தேநீரும் தந்தாள்.

தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

தீவுக்காரியை அன்று சாப்பிடத் தெற்கு லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் இருந்த எங்கள் வீட்டுக்கு அழைத்தேன். என் கணவர் ஜெர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர்; வீடுகளுக்கு ஹீட்டிங் பூட்டும் தொழில். தன் வேனிலேயே போய் அவளை ஏற்றி வந்தார். ஆங்கிலம் அவருக்குக் கொஞ்சம் இடறும். என்னை நடுவில் வைத்துத்தான் பேசினார்.

"நானும் தீவான்தான் எண்டு சொல்லும்" என்றார்.

சொன்னேன். எந்தச் சமுத்திரம் என்று கேட்டாள். யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவு, எட்டிப் பார்த்தால் கரை தெரியும் என்று சொன்னதும், "அப்படியென்றால் அது தீவே இல்லை" என்று மேசையில் அடித்துச் சிரித்தாள். அவருக்கு அவளைப் பிடித்துவிட்டது. நண்டுக்குழம்பை அவளுடைய கோப்பையில் இன்னும் அள்ளி வைத்தார்.

"உந்த எலியளுக்கு மருந்து வைக்க ஏலாதோ?"

ஏலும் என்றாள். ஹெலிகொப்டரிலிருந்து மருந்து தூவ வேண்டும், ஒரு குளிர்காலத்தில் முடிக்கலாம், வேறு நாட்டுக்காரர்கள் தங்கள் தீவுகளில் செய்து காட்டியிருக்கிறார்கள். தெரியாத வேலை இல்லை. செய்யத்தான் ஆள் இல்லை. மூன்றாவது துறையில் கிடைத்த பதிலையும் சொன்னாள். நான் அதைத் தமிழில் சொல்லி முடித்ததும் அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஆளில்லையெண்டு அங்க குடுக்கேல்லை. எங்கட பக்கம் சண்டைக்குள்ள ஆள் இருந்தது. என்னத்தைக் கண்டம்? இதை அவவுக்குச் சொல்லவேண்டாம்" என்றார்.

நான் சொல்லவில்லை.

குழு அவளுடைய திட்டத்தை நிராகரித்தது. அது பெரிய வேலை, அபாயமானது, முதலில் எல்லாத் தீவுகளுக்குமாக ஒரு முன்னுரிமைத் திட்டம் எழுத வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அந்த வருட நிதியின் பெரும் பங்கு அதை எழுதும் ஆலோசகருக்குப் போனது. லண்டனிலேயே இருக்கிறவர், நல்ல உடுப்பு, இனிமையான பேச்சு. தலைவரோடு முன்பு வேலை செய்தவர். தீவு எதிலும் கால் வைத்ததில்லை. அந்த முடிவை நான்தான் கூட்டக் குறிப்பில் எழுதினேன்.

அடுத்த வருடம் அந்த முன்னுரிமைத் திட்டம் புத்தகமாகத் தயாரானது. வழவழப்பான தாள், அட்டையில் ஓர் அல்பட்ரோஸ் சிறகை விரித்துப் பறந்தது. நதிக்கரையில் ஒரு பெரிய மண்டபத்தில் வெளியீட்டு விழா. தீவு முகம் ஒன்று மேடையில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஆலோசகர் சொன்னார். உடனே தீவுக்காரிக்குப் பயணச் செலவு கிடைத்துவிட்டது.

அவள் அதே பழைய கோட்டோடு வந்தாள். வெள்ளைக் கையுறை போட்டவர்கள் சிறு சிறு தட்டுகளில் புகைபோட்ட மீனும் இறாலும் கொண்டு திரிந்தார்கள். ஆலோசகர் மேடையேறி, "எங்கள் பொக்கிஷங்கள்" என்று பேசினார். எங்கள் என்று அவர் சொன்னபோது தீவுக்காரி என் முழங்கையைப் பிடித்து நசுக்கினாள். பிறகு அவளுக்கு இரண்டு வார்த்தை பேச இடம் கொடுத்தார்கள்.

"என்னுடைய படம் உன்னிடம் இருக்கிறதா?" என்று மேடைக்குப் போகும்போது கேட்டாள்.

என் லப்டொப்பில் இருந்தது. யாரிடமும் கேட்காமல் திரைக்கு இணைத்துவிட்டேன். அவள் பேசவே இல்லை. மைக்கின் அருகில் சும்மா நின்றாள். அந்தப் பெரிய திரையில் குஞ்சின் முதுகு மண்டபத்தின் சுவரளவுக்குத் தெரிந்தது. எலிகள் ஆட்டுக்கடா அளவுக்கு. பேச்சு நின்றது. யாரோ "ஐயோ கடவுளே" என்றார்கள். ஒரு பெண் அழுதாள். தட்டு ஏந்தியவர்கள்கூட அப்படியே நின்றார்கள். இதோ, இப்போதாவது வெட்கப்படுவார்கள் என்று நினைத்தேன்.

படம் முடிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நீண்ட நேரம் தட்டினார்கள்.

தலைவர் என்னிடம் வந்து, "எவ்வளவு உருக்கம்! அந்த முதல் நாளே இதன் பெறுமதி எனக்குத் தெரிந்தது" என்றார். ஆலோசகர் தீவுக்காரியிடம் ஓடினார்.

"அடுத்த பதிப்பின் அட்டைக்கு இந்தப் படத்தைப் பயன்படுத்தலாமா?"

"குஞ்சிடம் கேள்" என்றாள் அவள்.

அவர் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார். இறால் தட்டு மறுபடி சுற்றத் தொடங்கியது. நான் கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். அவர்கள் கோபப்பட்டிருந்தால், என்னைத் திட்டியிருந்தால், அன்றே வேலையை விட்டு நிறுத்தியிருந்தால்கூட அவ்வளவு அருவருத்திருக்காது. அவர்களுக்குப் படம் பிடித்துவிட்டது. அதுதான் தாங்க முடியவில்லை.

அடுத்த பதிப்பின் அட்டையில் உண்மையாகவே அந்தக் குஞ்சு வந்தது. இரத்தம் தெரியாதபடி வெட்டிப் போட்டிருந்தார்கள்.

சில மாதங்களில் நான் அந்த வேலையை விட்டேன். லண்டனின் தெற்கே சட்டன் என்னும் இடத்தில் ஓர் உள்ளூர்க் கவுன்சில் வேலை கிடைத்தது. வீதிகளில் மரம் நடும் பகுதி. யாருடைய வாசலில் எந்த மரம் என்று சனங்கள் என்னோடு சண்டை பிடித்தார்கள். அது எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தீவுக்காரி தொலைபேசியில் அழைத்தாள். இரைச்சலுக்கிடையில் அவள் குரல் விட்டுவிட்டுக் கேட்டது. ஆலோசகருக்கு இம்முறை எலி ஒழிப்புக்கான சாத்தியக்கூறு ஆய்வு என்று நிதி கொடுத்து அங்கே அனுப்பியிருந்தார்களாம். கடல் கொந்தளித்ததால் பறவைத் தீவில் அவர் இறங்கவே இல்லை. அவளுடைய வீட்டில் தங்கி, அவள் சமைத்த மீனைச் சாப்பிட்டு, வந்த கப்பலிலேயே திரும்பிவிட்டார். அறிக்கையில், அங்கு போய்வருவது கடினம் என்று எழுதியிருந்தாராம்.

சொல்லிவிட்டு அவள் வெடித்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பக்கத்தில் நின்ற கணவர், "என்னவாம்?" என்று கேட்டார்.

"இந்த முறை எத்தனை குஞ்சு தப்பியது?" என்று கேட்டேன்.

மறுமுனையில் சிரிப்பு நின்றது.

"நான் போய்ப் பார்க்கவில்லை. பார்க்கப் பிடிக்கவில்லை" என்றாள்.