பங்குக் கிணற்றுக்குக் குறுக்கே போட்ட வேலி

கயிறு பிடித்த அன்றைக்கு இருந்தவர்கள்: வேலி கேட்ட அண்ணன் ராமசாமி. தம்பி தங்கராசு ஊரில் இல்லாததால் அவருக்குப் பதில் அவர் சம்சாரம் அஞ்சலை. எல்லை காட்ட வந்த தலையாரி. கல் வண்டியோடு வந்த என் கூட்டாளி காத்தான். அப்புறம் நான், வேலி காண்ட்ராக்ட் மருதை.

ஊர் பெரம்பலூருக்கு மேற்கே. எமர்ஜென்சி முடிந்து ஒன்றிரண்டு வருசம் இருக்கும். நான் உடையார்பாளையத்துக்காரன். பண்ணை வேலைக்குப் போன குடும்பம். எங்களுக்கு வேலி போட நிலம் கிடையாது. ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக் காடுகளுக்கு முள் அடைக்கப் போனேன். அதிலிருந்து கல் நடவும் முள்கம்பி இழுக்கவும் கற்றுக்கொண்டு, நானே வேலை எடுத்துச் செய்ய ஆரம்பித்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. குழி தோண்டுவதற்கு முன்னால் எல்லைக்கு எல்லை கயிறு கட்டுவோம். ஒரு முனையை வேலி போடுகிறவர் பிடிக்க வேண்டும். மறு முனையைப் பக்கத்து நிலத்துக்காரர் பிடிக்க வேண்டும். ரெண்டு பேரும் பிடிக்காத கயிற்றில் கடப்பாறை வைக்க மாட்டோம். பின்னால் எல்லைத் தகராறு வந்தால் முதல் அடி வேலிக்காரனுக்குத்தான்.

அண்ணன் தம்பி பாகம் பிரித்த நிலம் அது. கிணறு அண்ணன் பக்கம் விழுந்துவிட்டது. தண்ணீரிலும் ஆயில் எஞ்சினிலும் ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி, முறை வைத்து இறைத்துக்கொள்வார்கள். தங்கராசு அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். வாரம் ஒருதரம் வருவார். வெள்ளாமை எல்லாம் அஞ்சலைதான். சின்ன வெங்காயம் போடும். அதோட ஆடுகள் ராமசாமி பருத்தியில் பூந்து மேய்ந்தன. அதனால்தான் வேலி. அவர் பக்கமும் ஞாயம் இருந்தது.

கயிற்றை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அஞ்சலை கேட்டது.

"மாமா, கெணத்துக்கு நான் எப்புடிப் போறது?"

"வண்டிப் பாதையில கேட்டு போடறன்ல. அது வழியா வா."

"பூட்டுவீங்களா?"

"பூட்டாத கேட்டு எதுக்கும்மா? ஆடே தள்ளிக்கிட்டு வந்துரும். சாவி எங்க வூட்டு மாடத்துல கெடக்கும். மொறை அன்னிக்கு வந்து எடுத்துக்க."

காத்தானுக்கு வாய் சும்மா இருக்காது. "ஆடு மேயாம இருக்க அஞ்சு கம்பி போடறம். மனுசனே மேஞ்சா எத்தினி கம்பிங்க போடறது?" என்றான். தலையாரி சிரித்தார். ராமசாமி சிரிக்கவில்லை.

நான் சொன்னேன். "ஐயா, கெணத்துக்கு நேரா ஆள் நொழையற மாதிரி ஒரு சின்னத் தட்டிக் கதவு வெச்சுடலாங்க. கொக்கி போட்டா ஆடு தொறக்காது. கல்லு நட்டப்பறம் மாத்தறது செரமம்."

"மருதை, ஒன்ன வேலி போடக் கூப்பிட்டனா, பஞ்சாயத்துப் பண்ணக் கூப்பிட்டனா?"

நான் கடப்பாறையை எடுத்தேன். அஞ்சலை தன் முனையில் நின்றது. கயிற்றை விடாமல் பிடித்திருந்தது. முளை அடித்தோம்.

ஆள் பேசுகிறவர்களுக்கு

இதையும் சொல்லிவிடுகிறேன். கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் கல் நெருங்கி நெருங்கி வரும். அடிக்கு இவ்வளவு என்றால் கல் தள்ளித் தள்ளிப் போகும். கல்லுக்குக் கல் எத்தனை அடி என்பதை முதலில் பேசி, அப்புறம் கூலி பேசுங்கள். வேலிக்காரன் வாயைப் பார்க்காதீர்கள். அவன் போட்ட பழைய வேலிக்குப் போய் மூலைக்கல்லை ஆட்டிப் பாருங்கள். மூலைக்கல்லுக்கு ரெண்டு பக்கமும் முட்டுக்கல் சாய்த்திருக்க வேண்டும்.

முந்திரிக் காட்டுச் செம்மண்ணில் ஒன்றரை அடி ஆழம் போதும். கரிசலில் ரெண்டரை அடி போக வேண்டும். தோண்டின கரிசலையே குழியில் போட்டு மூடக்கூடாது. மழைக்கு உப்பிக் கல்லைத் தள்ளும். சரளையும் செம்மண்ணும் போட்டு இடிக்க வேண்டும். மாடு எந்தப் பக்கமிருந்து முட்டுமோ, கல்லில் அந்தப் பக்கம் கம்பி இருக்கட்டும். ஆட்டுக்கு என்றால் அடிக்கம்பி தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் போகக்கூடாது.

அந்த வேலியை இதில் ஒன்று குறையாமல் போட்டேன்.

கழற்றுகிற கண்ணி

கிணற்றுக்கு நேராக வந்ததும் எனக்குக் கை ஓடவில்லை. காத்தானிடம் சொல்லி, அந்த இடத்தில் மட்டும் ரெண்டு கல்லுக்கு நடுவில் கம்பியை முறுக்கிக் கட்டாமல் வளையமும் கொக்கியுமாக மாட்டினேன். ஐந்து கம்பியும் அப்படி. கொக்கியைத் தள்ளினால் கழன்று வரும், திரும்ப மாட்டிக்கொள்ளலாம். தூர நின்று பார்த்தால் தெரியாது. இழுவை தாங்க அந்த ரெண்டு கல்லுக்கும் முட்டுக் கொடுத்தேன்.

"இங்க எதுக்கு முட்டு?" என்றார் ராமசாமி.

"நடுவுல ஒரு பலத்துக்குங்க" என்றேன்.

அவர் போனதும் அஞ்சலையைக் கூப்பிட்டுக் காட்டினேன். "கேட்டு பூட்டிக் கெடந்தா இதக் கழட்டிக்கிட்டுப் போம்மா. கையில துணி சுத்திக்க." அது கொக்கியைத் தொட்டுப் பார்த்தது. சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு நான் பஸ் ஏறினேன்.

ஆடி மாசம் பக்கத்து ஊரில் ஒரு வேலை. போகிற வழியில் இறங்கிப் பார்த்தேன். வெங்காயம் பிடுங்கிக் குவித்திருந்தார்கள். குவியல் முழங்கால் உயரம்கூட இல்லை. ஒவ்வொன்றும் கோலிக்குண்டு அளவு. அஞ்சலை உட்கார்ந்து தாள் அறுத்துக்கொண்டிருந்தது.

"என்னம்மா ஆச்சு?"

"காய் பெருக்கற நேரத்துல ரெண்டு மொறை தண்ணி இல்லண்ணே. மாமா குடும்பத்தோட ஜெயங்கொண்டம் கல்யாணத்துக்குப் போயிட்டாங்க. வூடு பூட்டு. சாவி உள்ள கெடக்கு."

"நான்தான் கம்பியக் காட்டிக் குடுத்தனே."

"காட்டுனீங்க. போனன். ஒரு கம்பி கழட்டிட்டன். அப்பறம் மாட்டிட்டு வந்துட்டன்."

"ஏம்மா?"

"எங்க மாமனாரு வெட்டுன கெணறு. அதுல நாங்க பாதி. எங்க தண்ணிக்கு நான் எதுக்குண்ணே வேலியப் பிரிச்சிட்டுப் போவணும்? பருத்தி ஒரு செடி ஒடிஞ்சாலும் நான்தான்னு பேரு வரும்."

நான் குனிந்து ஒரு வெங்காயத்தை எடுத்துப் பார்த்தேன்.

"நல்லதுக்குத்தான் செஞ்சீங்க" என்றது. "எல்லாருக்கும் தெரியற மாதிரி ஒரு தட்டி இருந்திருந்தா, மம்பட்டியத் தோள்ல வெச்சுக்கிட்டுப் பேசிக்கிட்டே போயிருப்பன்."

அந்த வாரம் வந்த தங்கராசு குவியலைப் பார்த்தாராம். சத்தம் போடவில்லையாம். "எங்கப்பன் கெணத்துக்கு நான் சாவி கேட்டு நிக்கணுமா?" என்று மட்டும் கேட்டாராம். தலையாரி சொன்னது. தன் பாக நிலத்தையும் கிணற்றுப் பங்கையும் அண்ணனுக்கே எழுதிக் கொடுத்துவிட்டு, ஆடுகளை விற்றுவிட்டு, எறையூர் ஆலைப் பக்கம் கரும்பு வெட்டக் குடும்பத்தோடு போய்விட்டார்கள்.

ராமசாமி கெட்டவர் இல்லை. ஒரு நாள் என்னிடம் அவரே சொன்னார். "சாவியப் பக்கத்து வூட்டுல குடுத்துட்டுப் போவணும்னு அன்னிக்குத் தோணல மருதை. கல்யாண அவசரம்." சொல்லிவிட்டுப் பருத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் ஆழத்தையும் இழுவையையும் ரெண்டு வேலையில் கற்றுக்கொள்வீர்கள். வழியைக் கயிறு பிடிக்கும்போதே பேச வேண்டும். ரெண்டு பக்கத்துக்காரரும் நிற்கும்போது, வாய்விட்டுப் பேச வேண்டும். ஒத்துவரவில்லை என்றால் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடலாம். நான் வந்திருந்தால் வேறு ஒருவன் போய்ப் போட்டிருப்பான். போட்டிருக்கட்டும். நான் வரவில்லை, அந்தக் கொக்கியை நம்பினேன்.

அடுத்த பங்குனியில் ராமசாமி ஆள் அனுப்பினார். போனேன்.

"ரெண்டு பக்கமும் இப்ப என்னுதுதான். ஏர் திரும்ப எடைஞ்சலா இருக்கு. புடுங்கிடு" என்றார்.

காத்தானும் நானும்தான் பிடுங்கினோம். அவன் கொக்கி மாட்டின இடத்திலிருந்தே ஆரம்பித்தான். சரளை போட்டு இடித்த கல் லேசில் அசையவில்லை. சங்கிலி கட்டி மாட்டை விட்டு இழுத்தோம். சிலது பாதியில் முறிந்தது. உடையாமல் வந்ததை வண்டிப் பாதை ஓரம் அடுக்கி எண்ணினோம்.

நூற்றுப் பதினேழு கல்.