இசிதோரா மறுபடி கேட்ட கேள்வி

காட்டுக்குள் ஓடும் மனிகி ஆற்றோரத்தில் எங்கள் சிமானே மொழியும் ஸ்பானிய மொழியும் சரளமாகப் பேசியவள் என் அண்ணி இசிதோரா காஞ்சி மட்டும்தான். லா பாஸ் நகரத்திலிருந்து வந்த டாக்டர் மிரேயாவுக்கு அவள்தான் வாய். பங்கு கொடுக்கும் குணம் மனிதனுக்கு ரத்தத்திலேயே ஊறியதா என்பது டாக்டரின் ஆராய்ச்சி. உடம்பில் என்ன சுரக்கிறது என்று பார்க்க, வேட்டைக்குப் போய் வந்தவனின் எச்சிலைக் குழாயில் பிடிப்பார். பிறகு பத்து தூண்டில் முள்ளைக் கொடுத்து, முகமறியாத ஒருவருக்கு எத்தனை தருவாய் என்று கேட்பார். படகு தள்ளியது நான்.

நாற்பத்தோரு வீடுகளிலும் ஆறு, ஏழு என்று அள்ளிக் கொடுத்தார்கள். டாக்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

டாக்டர் கிளம்பும் நாளில் எலோத்தேரியோ மாமா இசிதோராவைத் தேடி வந்தார்.

"ஏம்மா, நான் குடுத்த ஏழு முள்ளு என் தங்கச்சிக்குப் போச்சா?"

"தங்கச்சிக்கா? தெரியாத ஆளுக்குல்ல கேட்டேன்!"

"'வேற வீட்டு ஆளு'ன்னுதானே சொன்ன? அவ வேற வீட்லதானே இருக்கா?"

இசிதோரா நேரே டாக்டரிடம் போனாள்.

"தப்பு என்னோடது டாக்டர். எல்லா வீட்லயும் திரும்பக் கேக்கணும்."

"அறிக்கை அனுப்பியாச்சும்மா. முள்ளும் தீந்துடுச்சு. மழை வேற."

"அறிக்கைய நிறுத்துங்க. முள்ளுக்கு நானாச்சு."

தன் மூன்று மூட்டை நெல்லை விற்று முள் வாங்கி வந்தாள். மறுநாள் காலை படகை அவிழ்த்தபோது, காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு டாக்டரும் குழாய்களோடு ஏறினார்.

பத்தொன்பது நாள் மழையில் அலைந்தோம். "போன தடவ வாங்கினது பத்தலயா?" என்று வீட்டுக்கு வீடு கேலி. அவள் சளைக்கவில்லை. "உங்களுக்கு உறவே இல்லாத ஆளு. பாத்ததில்ல, பாக்கவும் மாட்டீங்க" என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். இரண்டு, மூன்றுதான் வந்தது. சிலர் ஒரு முள்ளைக்கூடத் தரவில்லை.

"நம்மள கஞ்சப் பயலுகன்னு எழுத வைக்கிறியேடி!" என்று சண்டைக்கு வந்தாள் அவளுடைய அத்தை.

"பொய்யா வர்ற நல்ல பேரு எதுக்கு அத்தை? நாம சொன்னத எழுதட்டும்."

இறைச்சியோடு திரும்பியவர்கள் வெறுங்கையோடு வந்தவர்களைவிடக் கூடுதலாகக் கொடுத்தார்கள். இரண்டு தடவையும் மாறாதது அது ஒன்றுதான். டாக்டர் பழைய அறிக்கையைத் திரும்பப் பெற்றுப் புதிதாக எழுதினார். அதில் கேள்வி எங்கள் மொழியில், இசிதோரா சொன்ன வார்த்தைகளிலேயே அச்சாகியிருந்தது.

அடுத்த வருடம் வேறொரு குழு வந்தது. அவர்கள் கேள்வியை எங்கள் ஆட்கள் நாலு பேரிடம் சொல்லி, என்ன புரிந்தது என்று கேட்ட பிறகுதான் அந்தக் குழுவைப் படகில் ஏறவிட்டாள் இசிதோரா.