மதினி படித்த இங்கிலீஷ்

தாராவியில் சால் என்று சொல்லும் எங்கள் வரிசை வீடுகளுக்குப் பொதுவாக இருந்த குழாயடியில், வரிசைக் குடங்களுக்கு நடுவே, மதினி இடது கையை மட்டும் நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். உள்ளங்கையில் அன்றைய இங்கிலீஷ் வார்த்தைகளைப் பேனாவால் எழுதி வைத்திருப்பாள். பின்னால் நிற்பவள், "கைக்கு என்ன பிள்ள, சுளுக்கா?" என்று கேட்டால், "ஆமா, இங்கிலீஷ் சுளுக்கு" என்பாள். என் அண்ணனின் மனைவி அவள். ஊரில் எட்டாவது வரை படித்தவள். கல்யாணமாகிப் பம்பாய்க்கு வந்து, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, அறுபதுகளின் கடைசியில் ஆங்கில இலக்கணத்தை அடியிலிருந்து பிடித்தாள். ஆசைக்குப் படித்த படிப்பில்லை அது. படித்தே தீர வேண்டியிருந்தது.

அண்ணன் செம்பூரில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தான். நெஞ்சில் நோய் கண்டு காசநோய் ஆஸ்பத்திரியில் படுத்தவன் எழுந்து வரும் வழியாக இல்லை. தோல் கிடங்கில் அப்பாவுக்குக் கிடைத்த கூலி எங்கள் வயிற்றுக்கே பற்றாது. கம்பெனி மேனேஜர் இரக்கப்பட்டு ஒன்று சொன்னார். தபால் பிரிவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, சம்சாரம் இங்கிலீஷ் பரீட்சை எழுதித் தேறினால் எடுத்துக்கொள்கிறேன், ஒரே தடவைதான், தவறினால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்றார். மதராசிகளுக்கு இங்கே என்ன வேலை என்று தெருவில் கோஷம் போடத் தொடங்கியிருந்த காலம் அது. இந்த இடம் போனால் இன்னொன்று வராது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். வராவிட்டால் மதினியும் பிள்ளையும் ஊருக்கு ரயிலேற வேண்டியதுதான். அங்கே அவளுக்கு இருந்தது தமையன் வீடு ஒன்று. கல்யாணத்துக்கு முன்பே அந்த வீட்டில் அவளுக்குச் சோறு முணுமுணுப்போடுதான் விழுந்தது.

நான் அப்போதுதான் எஸ்.எஸ்.சி. முடித்திருந்தேன். மாதுங்கா பள்ளிக்கூடத்தில் படித்த பெண் என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது. அட்ஜெக்டிவ் என்றால் பெயர்ச்சொல்லைப் பற்றிச் சொல்வது, அட்வெர்ப் என்றால் வினைச்சொல்லைப் பற்றிச் சொல்வது என்று மதினியை உட்கார வைத்து ஒப்பித்தேன். அவள் கொட்டாவி விட்டாள். பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். 'ஆள் எப்படி' என்று கேட்டால் ஒன்று, 'வேலை எப்படி' என்று கேட்டால் மற்றது. நிதானமான ஆள், நிதானமாக நடக்கிறான். ஸ்லோ, ஸ்லோலி. குழாயடிக்கு வருகிறவர்களையெல்லாம் இந்த இரண்டு கேள்வியில் போட்டுச் சலித்துவிட்டாள். வம்பு வந்தது ஹார்ட் என்ற வார்த்தையில். கடுமையாக உழைத்தான் என்று சொல்வதற்கு அவள் வழக்கம்போல வாலைச் சேர்த்து ஹார்ட்லி என்று எழுதினாள். அப்படி எழுதினால் அவன் உழைக்கவே இல்லை என்கிற மாதிரி ஆகிவிடும் என்றேன். "இது என்னட்டி அநியாயம்? ஒங்க அண்ணன் மாடா ஒழச்சுத்தான படுத்துக் கெடக்காவ. ரெண்டு எழுத்து கூடப் போட்டா ஒழைக்கலன்னு ஆயிருமா?" என்று பென்சிலை வீசிவிட்டு எழுந்து போனாள். அன்று சாயங்காலம்வரை என்னோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனால் அண்ணன் பரீட்சை வைப்பான். பட்டறையில் காதால் கேட்டுப் பழகிய இங்கிலீஷ் அவனுடையது. இலக்கணம் கம்மி, வாய் ஜாஸ்தி. "சரி, சொல்லு பாப்போம். நான் பேட் ஆளா, பேட்லி இருமுத ஆளா?" என்றான் ஒருநாள். "ரெண்டுந்தான்" என்றாள் மதினி. அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறி, நர்ஸ் ஓடி வந்து எங்களை வெளியே அனுப்பும்வரை நிற்கவில்லை. அண்ணன் பிழைக்க மாட்டான் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

அம்மாவுக்கு இந்தப் படிப்பே ஆகவில்லை. "புருசன் சாகக் கெடக்கான், இவளுக்கு ஏ பி சி டி கேக்கு" என்று காதுபடவே சொல்வாள். மகனுக்கு நோய் வந்ததே இவள் வந்த நேரம்தான் என்றும் சொல்லியிருக்கிறாள். மதினி சாப்பிட்டாளா, தலைக்கு எண்ணெய் வைத்தாளா என்று அம்மா விசாரித்து நான் பார்த்ததில்லை.

பரீட்சையன்று விடிந்ததும் அண்ணனின் சிநேகிதர் ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்தார். மதினி குழாயடியில் இருந்தாள். அண்ணன் போய்விட்டான் என்றார். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். எங்கள் பக்கத்து வழக்கப்படி, புருஷன் செத்த சேதி காதில் விழுந்துவிட்டால் பதினாறாம் நாள் காரியம் முடிகிற வரையில் பெண்சாதி வாசலைத் தாண்டக் கூடாது. ஊர்ச் சங்கத்துப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்துவிட்டால் அப்பாவாலும் அதை மீற முடியாது. மேனேஜர் அதுவரை காத்திருக்கப் போவதில்லை. அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். பிறகு அதை எடுத்துவிட்டு, "அவ போயிட்டு வரட்டும். யாரும் வாயத் தொறக்கப்பிடாது" என்றாள். சொன்னது என் அம்மாதான் என்பதை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை. சங்கத்தாரை இங்கே வரவிடாமல் நேரே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்படி அப்பா அந்தச் சிநேகிதரிடம் சொன்னார்.

மதினி குடத்தோடு வந்தாள். அம்மா அவள் கையிலிருந்து குடத்தை வாங்கி வைத்துவிட்டு, தன் முன்னால் உட்கார வைத்துத் தலை வாரினாள். எண்ணெய் தடவி, இறுக்கிப் பின்னி, தெருவில் போன பூக்காரியைக் கூப்பிட்டு மல்லிகைப்பூ வாங்கி வைத்துவிட்டாள். "நல்லா எழுதிட்டு வா, என்ன" என்றாள். மதினி கொஞ்ச நேரம் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். "சரி அத்த" என்றாள்.

துணைக்கு நான் போனேன். சயானில் பஸ் மாறிச் செம்பூர். வழியெல்லாம் கேள்வி கேட்டுக்கொண்டே வரச் சொன்னாள். குரல் உடைந்துவிடுமோ என்ற பயத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டேன். அவள் ஒன்றைக்கூட விடவில்லை. அவள் உள்ளே போனதும் கம்பெனிப் பியூன் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். செத்துப்போன அண்ணனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடவும் வழியில்லாமல், அந்த மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்படி ஒரு காலைப்பொழுது என் எதிரிக்கும் வேண்டாம்.

வெளியே வந்ததும் பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்தாள். "எல்லாத்தயும் எழுதிட்டேன். அந்த ஹார்ட்லியும் வந்திருந்துச்சு. தப்பாது" என்றாள். எப்படிச் சொல்வது என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது அவளே கேட்டாள்.

"எப்பம் போனாவ?"

"விடிய முந்தி" என்றேன். "ஒங்களுக்கு எப்படி மைனி?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து அத்த என் தலயத் தொட்டிருக்காவளா? இன்னைக்குப் பூ வச்சு விடுதாவ. எனக்கு அப்பமே தெரிஞ்சிட்டு." கொஞ்சம் நிறுத்தி, "நான் கேட்டிருந்தா நீங்க சொல்லிருப்பிய. சொல்லிருந்தா நான் இங்கன எப்படி வந்திருப்பேன்?" என்றாள்.

பிறகு கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பூவைத் தானே எடுத்தாள். "இத நானே எடுத்துக்கிடுதேன். அங்க போனா யார் யாரோ எடுப்பாவ" என்று சொல்லி, என் மடியில் வைத்தாள். நான் அழுதேன். அவள் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வேலை அவளுக்குக் கிடைத்தது. மகளைப் படிக்க வைத்து, ஓய்வும் பெற்று, இப்போது செம்பூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டவும் வராது. சண்டை, கொஞ்சல் எல்லாம் இங்கிலீஷில்தான். எது அட்ஜெக்டிவ், எது அட்வெர்ப் என்று கேட்டால் முழிக்கின்றன, பேச்சில் தப்பே வருவதில்லை. மதினி அதைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். அந்த நாளைப் பற்றி அவளும் நானும் அதற்குப் பிறகு பேசிக்கொண்டதில்லை.

அன்று நாங்கள் சாலுக்குள் நுழைந்தபோது அண்ணனைக் கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள். மதினியைப் பிடித்துக்கொள்ளப் பெண்கள் எழுந்து ஓடி வந்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு அவள் நேரே அம்மாவிடம் போனாள். அம்மா அண்ணனின் தலைமாட்டில், சத்தமில்லாமல், வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மதினி அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"நல்லா எழுதியிருக்கேன் அத்த" என்றாள்.

அம்மா தலையை ஆட்டினாள். அதற்கப்புறம்தான் இரண்டு பேரும் அழுதார்கள்.