மாரியப்பன் வண்டிக்கு வந்த விக்கல்

எங்கள் குருசுக்குப்பத்தில் மாரியப்பனை நேரில் பார்க்காதவர்கள் இருக்கலாம். அவன் வண்டியைத் தெரியாதவர் கிடையாது. அதற்குக் கண் தேவையில்லை, காது இருந்தால் போதும்.

முன்சீட்டைத் தூக்கினால் அடியில் இன்ஜின் இருக்குமே, அந்தப் பழைய ரக வேன். விடிவதற்குள் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து, ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, ஒரு டீ குடித்துவிட்டுக் கருவடிக்குப்பம், லாஸ்பேட்டை, முத்தியால்பேட்டை என்று வீடு வீடாகக் கொடுக்கக் கிளம்புவான். எப்போது திரும்புவான் என்பது அவனுக்கே தெரியாது. சங்கரா மீனுக்குப் புளி எவ்வளவு என்று ஒரு வீட்டில் யாராவது கேட்டுவிட்டால் போதும், குழம்பு அடுப்பிலிருந்து இறங்கும்வரை நின்று ருசி பார்த்துவிட்டுத்தான் நகர்வான்.

வண்டியின் சைலன்சரில் துரு தின்ற ஓட்டை, கை நுழையும் அளவுக்கு. தெருமுனையில் திரும்பும்போதே என் ஜன்னல் கண்ணாடி ஆடத் தொடங்கிவிடும். எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரே சுவர். பழைய பிரெஞ்சுப் பத்திரங்களைத் தமிழாக்கிப் பிழைப்பவன் நான், அதனால் அவனுக்கு நான் ‘முசே’, அதாவது பிரெஞ்சில் ஐயா. ஒருநாள் அந்த இரைச்சலில் ஒரு வரியைத் தாண்டிவிட்டேன். இறந்துபோன பெரியவர் ஒருவருக்கு, இறந்த தேதியிலேயே கல்யாணம் செய்துவைத்துவிட்டேன். பேரன்கள் சண்டைக்கு வந்தார்கள். அவர்கள் போனதும் நான் மாரியப்பனிடம் சண்டைக்குப் போனேன். நீ சைலன்சரை மாற்றுகிறாயா, நான் வீட்டை மாற்றட்டுமா என்று கேட்டேன். நல்ல மனுஷன், மறுநாளே புதுசு மாட்டிக்கொண்டு வந்தான். பழையதை என் வாசல் சுவரில் சாத்திவிட்டு, ஞாபகத்துக்கு வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

வண்டி பூனை மாதிரி வந்தது, பூனை மாதிரி போனது. என் வேலையும் ஓடியது. அதெல்லாம் கொஞ்ச நாள்தான். பிறகு வண்டிக்கு விக்கல் பிடித்தது. நின்ற இடத்தில் உதறியது, சிக்னலில் அணைந்தது, பெட்ரோலைக் குடித்துக் கறுப்புப் புகை கக்கியது. வழியில் ஐஸ் உருகியது. மீனுக்காகக் காத்திருந்து ஏமாந்த வீடுகளில் முருங்கைக்காய் சாம்பார் கொதித்தது.

அப்போதுதான் கமலக்கண்ணன் இதில் தலையிட்டான். மாரியப்பனின் மனைவி பச்சையம்மாளுக்குத் தம்பி, முத்தியால்பேட்டையில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறான். மாசி மகத்துக்குள் வண்டி சரியாகவில்லை என்றால் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, மாமா தன் கடையில் வந்து உட்காரட்டும் என்று தீர்ப்புச் சொன்னான். சுழல் நாற்காலி ஒன்று காலியாக இருக்கிறதாம், மேலே ஃபேனும் இருக்கிறதாம். அந்த நாற்காலியைப் பற்றி மாரியப்பன் என்னிடம் வந்து புலம்பினான். வெள்ளைக்கும் கிரீம் கலருக்கும் வித்தியாசம் சொல்லிச் சொல்லியே நான் செத்துப்போவேன் என்றான். பச்சையம்மாள் எந்தப் பக்கமும் பேசவில்லை. அவளும் தம்பி கட்சிதான் என்று அவன் முடிவு கட்டிக்கொண்டான்.

மெக்கானிக் செம்மல் வரவழைக்கப்பட்டான். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் ஒரு முனையை இன்ஜினிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வான். பார்க்கிறவர்களுக்குப் பயபக்தி வந்துவிடும். சைலன்சர் மாற்றிய பிறகுதானே விக்கல் வந்தது, அப்படியானால் சைலன்சர்தான் என்றான். இணைப்பில் புகை கசிகிறதா என்று பார்த்து வாஷரை மாற்றினான். விக்கல் நிற்கவில்லை. பிளக்கைக் கழற்றினால் கரி அப்பியிருந்தது. துடைத்து மாட்டினான், ஒருநாள் ஓடிவிட்டு மறுபடி விக்கியது. பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்று டேங்க்கைக் காலி செய்தான். தெருவில் ஆளுக்கு ஒரு யோசனை. புது சைலன்சரின் குழாய் அளவு தப்பு என்று, ஒன்றும் தெரியாத நானும் என் பங்குக்குச் சொல்லிவைத்தேன்.

அதையும் பார்த்துவிடலாம் என்று பழைய சைலன்சரையே ஒருநாள் மாட்டினார்கள். இரைச்சலும் விக்கலும் சேர்ந்து வந்தன. தெருவே காதைப் பொத்திக்கொண்டது. பச்சையம்மாள் மட்டும் அன்றைக்கு ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டு சமைத்தாள். எனக்கு அது வினோதமாக இருந்தது. அவ்வளவுதான், மேலே யோசிக்கவில்லை. பழையது மறுபடி என் வாசலுக்கு வந்தது. ஏர் ஃபில்டரைத் திறந்து பார்க்கலாமா என்று செம்மல் கேட்டதற்கு மாரியப்பன் எரிந்து விழுந்தான். போன மாதம்தான் தன் கையால் புதுசு போட்டானாம்.

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து. மீன் வண்டிக்குள் மல்லிகைப்பூ வாசனை வந்தது. வாங்க வந்த பெண்கள் மாரியப்பனை ஒரு மாதிரி பார்த்தார்கள். மாமா யாருக்குப் பூ வாங்குகிறார் என்று கமலக்கண்ணன் அக்காளிடம் ஜாடையாகக் கேட்டான். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குத் தெருவில் ஆளுக்கு ஓர் அர்த்தம் சொன்னோம்.

மாசி மகத்துக்கு முந்தைய நாள் கமலக்கண்ணன் கட்டி இழுக்கும் கயிற்றோடு வந்துவிட்டான். மாரியப்பன் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். போகிற வண்டிதானே என்று செம்மல், யாரையும் கேட்காமல் சீட்டைத் தூக்கி ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்தான். உள்ளே மல்லிகை, கனகாம்பரம், சாமந்தி இதழ், வாழைநார் எல்லாம் வதங்கிக் கறுத்து அடைத்திருந்தன. காற்று போக ஊசி முனை இடமில்லை.

செய்வினை என்றான் மாரியப்பன், மச்சானை முறைத்தபடி. கமலக்கண்ணன் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுத் தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தான்.

“அது நான் வெச்ச பூ,” என்றாள் பச்சையம்மாள் வாசலிலிருந்து.

மெதுவாகச் சொன்னாள். தினமும் அவன் டீ குடிக்கும் நேரத்தில் சீட்டைத் தூக்கி, அம்மன் கோயில் பூவை அங்கே இருக்கும் ரப்பர் குழாயின் வாயில் வைத்திருக்கிறாள். வண்டி மூச்சு விடுகிற இடம் அதுதான் என்று ஒரு காலத்தில் அவன்தான் அவளுக்குக் காட்டினானாம். உயிர் இருக்கிற இடத்தில்தானே பூ வைக்க வேண்டும். மறுநாள் பார்த்தால் பூ இருக்காது. இன்ஜின் உள்ளே இழுத்துக்கொண்டதை, அம்மன் எடுத்துக்கொண்டாள் என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். வண்டி விக்க விக்க, பூவைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறாள்.

“இத்தினி வருஷமா இல்லாம இப்ப இன்னாத்துக்குடி பூ?” என்றான் மாரியப்பன்.

“முன்னெல்லாம் நீ திரும்பறப்பவே முனையில சத்தம் கேக்கும். அப்பதான் உலையில அரிசி போடுவேன். இப்ப சத்தமே இல்ல. வந்துட்டியா, எங்கியாவது அடிபட்டுக் கெடக்கிறியான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? அம்மன்கிட்டதான சொல்ல முடியும்?”

மாரியப்பன் எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பவன். அன்று குனிந்து, டப்பாவிலிருந்த கறுத்த பூக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினான். பச்சையம்மாள் தம்பி பக்கம் திரும்பினாள்.

“கயித்த எடுத்துக்கினு போ தம்பி. அந்த நாற்காலில வேற யாரையாச்சும் உக்கார வெய்யி. இவரு உக்காந்தா ரெண்டு நாள்ல செத்துப்பூடுவாரு.”

செம்மல் புது ஃபில்டரைப் போட்டு, இனிமேல் பூவைக் கண்ணாடியில் தொங்கவிடுங்கள் அக்கா என்றான். சாவியைத் திருகியதும் வண்டி விக்காமல் குலுங்காமல் ஓடியது. எல்லோரும் கை தட்டினோம். மாரியப்பன் ஏறி உட்கார்ந்து முனை வரை போய்த் திரும்பி வந்தான், சத்தமே இல்லாமல்.

மகம் முடிந்து அவன் மறுபடி வியாபாரத்துக்குப் போன அன்று, மதியம் தெரு அமைதியாக இருந்தது. பச்சையம்மாள் களைந்த அரிசியோடு வாசலுக்கு வந்தாள், முனையைப் பார்த்தாள், உள்ளே போனாள், திரும்பவும் வந்தாள். நான் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். எந்த வீட்டில் குழம்பு கிண்டிக்கொண்டு நிற்கிறானோ என்று எனக்கு அவன்மேல் அப்படி ஒரு கோபம். கோபம் என்றுதான் நினைத்துக்கொண்டேன். அவன் பூனை மாதிரி வந்து நின்றபோது, பழைய சைலன்சரைத் தூக்கிக்கொண்டு போய் அவன் காலடியில் வைத்தேன்.

“மாட்டு.”

“உன் வேல கெட்டுப்பூடுமே முசே?”

“மதியத்துல நான் வேல செய்யறதில்ல,” என்று பொய் சொன்னேன்.

இப்போது தினமும் மதியம் என் ஜன்னல் கண்ணாடி ஆடுகிறது. உடனே சுவருக்கு அந்தப் பக்கம் உலையில் அரிசி விழுகிறது. அந்த நேரம் மட்டும் நான் பேனாவை மூடிவைத்துவிடுகிறேன். செத்தவர்கள் யாருக்கும் கல்யாணம் நடப்பதில்லை.