கதவைத் திறக்கச் சொன்ன குரல்

கட்டட வேலைத் தளத்தில் எல்லோரும் அவனை ஒட்டடை என்றுதான் கூப்பிடுவார்கள். ஒட்டடைக் குச்சி மாதிரி நெட்டையாய், ஒல்லியாய் இருப்பான். டவர் கிரேன் ஓட்டுகிறவன். எழும்பிக்கொண்டிருக்கும் கட்டடத்துக்கும் மேலே, கண்ணாடிக் கூண்டில் தன்னந்தனியாக உட்கார்ந்திருப்பான். வீட்டுக்குள் போனது மாதிரி அங்கே காலை நீட்டிக்கொள்வான். அதை விட்டால் வேறு தொழில் தெரியாது.

கீழே நின்று வாக்கிடாக்கியில் சொல்கிறவன் அவன் பெண்டாட்டியின் அண்ணன். அந்த வேலையில் ஒரு கண்டிப்பு உண்டு. கீழே இருப்பவன் என்ன சொன்னாலும், மேலே இருப்பவன் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் கையை அசைக்க வேண்டும். "ஏத்து" என்றால் "ஏத்துறேன்." ஒட்டடைக்கு இது ரத்தத்தில் ஊறிவிட்டது. வீட்டில் உப்பை எடு என்றாலும் எடுக்கிறேன் என்பான். பெண்டாட்டி தலையில் அடித்துக்கொள்வாள்.

கொஞ்ச நாளாக அவனுக்கு ஒரு கோளாறு. சும்மா இருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடிக்கும், மூச்சு முட்டும், இதோ செத்தோம் என்று தோன்றும். பிறகு வந்த சுவடே இல்லாமல் போய்விடும். ஆஸ்பத்திரியில் இதயத்தில் பழுதில்லை, இது பீதி நோய், மூளை டாக்டரைப் பார் என்றார்கள். வெளியே தெரிந்தால் கூண்டில் ஏற்ற மாட்டார்கள். வாயை மூடிக்கொண்டான்.

அன்றைக்குக் கம்பிக் கட்டு ஒன்று கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. காற்று அடங்கட்டும், நிறுத்து என்றான் மச்சான். நிறுத்தினான். அப்போதுதான் அது பிடித்தது. நாலு பக்கக் கண்ணாடியும் கிட்டே நெருங்கி வந்த மாதிரி இருந்தது. வாக்கிடாக்கியில் ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதியில் தன் குரலையே கேட்டான். நிதானமான வேலைக் குரல்.

"திறக்குறேன்."

கீழே மச்சான் நிமிர்ந்து கூண்டைப் பார்த்தான்.

"மாப்ளே, யாரு திறக்கச் சொன்னா?"

ஒட்டடை குனிந்து பார்த்தான். அவன் இடது கை கதவுத் தாழ்ப்பாளில் இருந்தது. பாதி இழுத்தாகிவிட்டது. எப்போது அங்கே போனது என்று தெரியவில்லை. எடு என்று நினைத்தான். யாருடைய கையோ போல அது அங்கேயே கிடந்தது. கதவைத் தாண்டினால் ஒரு சாண் இரும்புப் பலகை, அதற்கப்புறம் வெறும் வெளி.

மச்சான் கத்தவில்லை. கம்பி இறக்கச் சொல்கிற அதே குரலில் சொன்னான்:

"தாழ்ப்பாளை விடு."

"விடுறேன்" என்றது வாய். அதற்கப்புறம்தான் கை விட்டது. மடியில் வை என்றான், மூச்சை விடு என்றான். ஒட்டடை ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னான், செய்தான். கம்பி இறங்கியது. ஏணியில் ஒவ்வொரு படியாகச் சொல்லிச் சொல்லி அவனையும் இறக்கினான் மச்சான்.

மூளை டாக்டர் அவனைக் குழாய் மாதிரி ஒரு மெஷினுக்குள் படுக்கவைத்தார். பச்சை வந்தால் பட்டனை அமுக்கு, சிவப்பு வந்தால் சும்மா இரு என்றார். சிவப்புக்கும் அமுக்கித் தள்ளினான். மெஷின் எடுத்த மூளைப் படத்தைக் காட்டி, பயம் கூச்சல் போடும் இடம் இது, கையைத் தடுக்கிற இடம் இது, உனக்குத் தடுக்கிறது பிந்திப்போகிறது என்றார். மாத்திரை இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, குணமானால் மறுபடியும் ஏறலாம் என்றும் சொன்னார்.

ஒட்டடை அந்தப் படத்தின்மேல் விரலை வைத்தான்.

"திறன்னு எனக்குக் கேட்டுச்சு சார். என் மச்சான் குரல்ல கேட்டுச்சு. இனிமே அவன் சொல்றது எது, இது சொல்றது எதுன்னு நான் எப்படிப் பிரிப்பேன்?"

கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டான். நேராகத் தளத்துக்குப் போய், யாரும் கேட்காமலே கூண்டுச் சாவியை ஆபீஸ் மேஜைமேல் வைத்தான்.