கோடு நேராகாத வீடு

என் ஸ்பீக்கர் பெட்டிகளை வைத்துக்கொள்ளலாமா, தள்ளிவிடலாமா என்று பார்த்துச் சொல்ல, குற்றாலத்தில் எங்கள் வீட்டுக்குத் தென்காசியிலிருந்து ஒருவர் வந்தார். தடித்த கண்ணாடி, மடியில் லேப்டாப், கையில் அளவெடுக்கும் மைக். கேட்பதற்கென்று இருக்கிற காதுகள் அவருக்குக் கண்ணாடி மாட்டத்தான் பயன்பட்டன.

வந்ததும் சன்னல்களை அடைத்தார். "அருவி இரைச்சல் அளவைக் கெடுக்கும், அண்ணாச்சி."

சாரல் நேரத்தில் எங்கள் ஊரில் யார் சன்னலை அடைப்பார்கள்? பாட்டு ஒன்றும் போடவில்லை. ஊளையிடும் சோதனைச் சத்தத்தையே திரும்பத் திரும்ப ஓட்டினார். எல்லாச் சத்தமும் ஒரே அளவில் கேட்டால் திரையில் கோடு நேராக வருமாம். வரவில்லை.

"அடிச்சத்தம், அந்த 'பேஸ்', ரொம்பத் தூக்கலா இருக்கு. தள்ளிருங்க."

அந்தப் பெட்டிகள் என் மனைவிக்கு உயிர். அவள் சன்னல்களைத் திறந்துவிட்டு ஒரு தவில் கச்சேரியைப் போட்டாள். அருவி இரைச்சலையும் மீறி அடி ஒவ்வொன்றும் நெஞ்சில் விழுந்தது.

"நல்லாருக்குல்லா?" என்றேன்.

அவர் திரையைப் பார்த்துவிட்டு, "இல்ல" என்றார்.

"காப்பி குடுத்தா அதுலயும் மைக்க முக்கிப் பாத்துதான் குடிப்பாரு போல" என்று அவள் அடுக்களைக்குள் போனாள்.

பெட்டிகளைத் தள்ளப்போவதில்லை என்று சொல்லி அவரை வாசல்வரை கொண்டுவிட்டேன். "உங்க வீட்டுல என்ன பாட்டு கேப்பிய?"

"இன்னும் போடல, அண்ணாச்சி. எட்டு வருசமாச்சு, கோடு நேராக மாட்டேங்கு."

இரக்கப்பட நினைத்தேன். சிரிப்புதான் வந்தது.